முப்பது நாள் கேள்வி

“அம்மா, போன முப்பது நாள்ல நம்ம வீட்டுல துவரம்பருப்பு எவ்வளவு செலவாச்சு?”

“எதுக்குடா கேக்குற?” என்றார் அம்மா. காரணத்தைச் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். கடையில் வாங்கியது ஒரு கிலோ. ரேஷனில் போட்டது ஒரு கிலோ, ஆனால் அதில் பாதி இன்னும் டப்பாவில் இருக்கிறது. நடுவில் அத்தை குடும்பம் வந்து மூன்று நாள் தங்கியது. அவர்கள் சாப்பிட்டது நம் கணக்கா, அவர்கள் கணக்கா? பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் கைமாற்றாகக் கொடுத்தது போன மாதமா, அதற்கு முந்தைய மாதமா? விரல் மடக்கி, விரித்து, கடைசியில், “ஒன்றரைக் கிலோன்னு போட்டுக்கோ” என்றார்.

இந்தக் கேள்வி என்னுடையதல்ல. எழுபது வயதைத் தாண்டிய கேள்வி இது. காஷ்மீரில் பனிக்குள்ளும் ராமநாதபுரத்தில் வெயிலுக்குள்ளும் நடந்து, லட்சக்கணக்கான அடுப்பங்கரைகளின் வாசலில் நின்றிருக்கிறது. இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர், அவர்கள் குறைகிறார்களா கூடுகிறார்களா என்று டெல்லியிலும் வாஷிங்டனிலும் யார் பேசினாலும், அந்தப் பேச்சுக்கு அடியில் இதுதான் கிடக்கிறது. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, சோப்பு எவ்வளவு, பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று ஒரு வீட்டாரிடம் முந்நூறு, நானூறு முறை திருப்பித் திருப்பிக் கேட்கப்படும் ஒரே கேள்வி.

பொருளாதாரம் முன்னேறுகிறதா என்று தெரிந்துகொள்ள நாம் வழக்கமாகப் பார்ப்பது வளர்ச்சி விகிதத்தை. மொத்த உள்நாட்டு உற்பத்தி இவ்வளவு விழுக்காடு கூடியது என்று தொலைக்காட்சியில் ஓடும் எண். அதில் மக்கள் செலவழித்ததும் ஒரு பெரிய பங்கு. ஆனால் அந்தப் பங்கைக் கணக்கிடும் முறை வேறு. நாட்டில் விளைந்த பருப்பு இவ்வளவு, இறக்குமதியைக் கூட்டு, விதைக்கு எடுத்துவைத்ததை, ஆலைக்குப் போனதை, ஏற்றுமதியானதைக் கழி, மிச்சத்தை மக்கள் சாப்பிட்டிருக்க வேண்டும். யார் சாப்பிட்டார்கள் என்பது அதில் வராது. மொத்தப் பருப்பு கூடியிருக்கலாம்; அது பத்து வீடுகளில் கூடியதா, பத்துக் கோடி வீடுகளில் கூடியதா என்று அந்த எண்ணைக் கேட்டால் அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் நோட்டோடு போய் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

தட்டத் தொடங்கியது 1950இல். சுதந்திரம் வந்த புதிதில் நேருவின் அரசுக்குத் திட்டம் தீட்ட வேண்டியிருந்தது, ஆனால் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று சொல்லக் கையில் ஒன்றும் இல்லை. 1949இல் தேசிய வருமானக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், உடன் டி. ஆர். காட்கில், காஞ்சிபுரத்தில் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ். மகலனோபிஸ் இயற்பியல் படித்துப் புள்ளியியலுக்கு வந்தவர். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உண்டாக்கியவர். வங்காளத்தின் சணல் வயல்கள் அத்தனையையும் அளக்க முடியாது என்பதால், குலுக்கல் முறையில் சில துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்து, மொத்தத்தையும் மதிப்பிடும் வழியை 1930களிலேயே செய்து காட்டியிருந்தார். பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்கிற கதைதான். ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது என்பதை நம் கை தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். மேலாக இருக்கும் சோற்றையே எடுத்தால் பதம் பொய்யாகும்.

வயலுக்குச் செய்ததை வீட்டுக்குச் செய்ததுதான் தேசிய மாதிரி ஆய்வு. முதல் சுற்று 1950 அக்டோபரில் தொடங்கியது. கிராமங்கள்தான் களம். பல கிராமங்களுக்குச் சாலை கிடையாது. அளவைகள் ஊருக்கு ஊர் வேறு: வடக்கே சேர், மணங்கு, இங்கே படி, வீசை, பலம். ஓர் ஊர்ப் படியும் அடுத்த ஊர்ப் படியும்கூட ஒன்றாக இருக்காது. இத்தனையையும் ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும். அந்தக் காலக் கள ஆய்வாளர்களின் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மாட்டுவண்டியில் போய், திண்ணையில் படுத்து, சந்தேகத்தோடு பார்த்த மக்களிடம் ‘வரி போட வரவில்லை, கணக்கெடுக்க வந்தேன்’ என்று விளக்கி, அவர்கள் சொன்னதை எழுதி வந்தார்கள். நான் மிகவும் மதிக்கும் மனிதர்கள் அவர்கள்.

கேள்வியின் உருவம் அப்போது முடிவாகவில்லை. எத்தனை நாளைக் கேட்பது? போன ஒரு வாரத்தையா, ஒரு மாதத்தையா? சின்ன விஷயம்போலத் தெரியும். இந்தக் கேள்வியின் பிற்கால வாழ்க்கையில் வந்த பெரும் சண்டைகளில் ஒன்று இதில்தான் முளைத்தது.

அம்மாவிடம் நான் செய்த இரண்டாவது சோதனையை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து வேறுவிதமாகக் கேட்டேன்: “போன ஏழு நாள்ல பருப்பு எவ்வளவும்மா?” இந்தமுறை யோசனையே இல்லை. “அரைக்கிலோ ஆயிருக்கும்.” வாரத்துக்கு அரைக்கிலோ என்றால் முப்பது நாளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வருகிறது. ஒன்றரை என்று சொன்ன அதே அம்மா, அதே வீடு, அதே டப்பா. எது உண்மை?

இதே குழப்பம் மகலனோபிஸுக்கும் வந்தது. ஒரு வாரத்தைக் கேட்டால் மாதக் கணக்கு எப்போதும் கூடுதலாக வந்தது. காரணம் இரண்டாக இருக்கலாம். மாதத்தைக் கேட்கும்போது மக்கள் சிலவற்றை மறந்துவிடலாம். அல்லது வாரத்தைக் கேட்கும்போது எட்டாம் நாள், பத்தாம் நாள் வாங்கியதையும் ‘இப்பத்தானே வாங்கினோம்’ என்று உள்ளே இழுத்துக்கொள்ளலாம். வாதம் செய்துகொண்டிருக்காமல், 1950களின் தொடக்கத்தில் மேற்கு வங்கக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். சில வீடுகளில் வாரக் கேள்வி, சில வீடுகளில் மாதக் கேள்வி, சில வீடுகளில் கேள்வியே இல்லை: தராசோடு உட்கார்ந்து, சமைப்பதை நிறுத்துப் பார்த்தார்கள். தராசு சொன்னதற்கு நெருக்கமாக வந்தது மாதக் கேள்வி. மகலனோபிஸும் எஸ். பி. சென்னும் 1954இல் அதை எழுதி வெளியிட்டார்கள். முப்பது நாள் என்பது அப்படித்தான் நிலைபெற்றது.

தராசை வைத்து ஒரு கேள்வியைத் திருத்திய நாடு இது என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. பின்னாளில் பிற நாடுகளும் இந்தியாவைப் பார்த்து வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பைக் கற்றுக்கொண்டன.

ஆண்டுதோறும் நடந்த ஆய்வு 1972-73 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய அளவில் என்று மாறியது. கேள்வி மாறவில்லை. 1977-78, 1983, 1987-88, 1993-94 என்று அதே முப்பது நாளோடு கதவைத் தட்டியது. இதற்கிடையில் அதன் தோளில் இன்னொரு பாரம் ஏறியிருந்தது: வறுமைக்கோடு. 1962இல் ஒரு குழு, தலைக்கு மாதம் 20 ரூபாய் இருந்தால்தான் குறைந்தபட்ச வாழ்க்கை என்றது. 1971இல் பொருளாதார அறிஞர்கள் தண்டேகரும் ராத்தும் கிராமத்துக்கு 15, நகரத்துக்கு 22.50 ரூபாய் என்றார்கள். 1979இல் அலக் குழு கலோரியை வைத்துக் கோடு போட்டது: கிராமத்தில் 2400, நகரத்தில் 2100. 2009இல் டெண்டுல்கர் குழு, 2014இல் தமிழகத்தைச் சேர்ந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு. கோட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு உயரத்தில் போட்டார்கள். 2011இல் நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய்க்கு மேல் செலவழிப்பவர் ஏழையல்ல என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது நாடே கொதித்தது. கொதித்தது நியாயம். ஆனால் கோடு எங்கே போடப்பட்டாலும், அதற்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுவது பழைய கேள்விக்கு வந்த பதில்களை வைத்துத்தான்.

1990கள் வந்தன. பொருளாதாரச் சீர்திருத்தம் ஏழைகளுக்கு நல்லது செய்ததா என்ற வழக்கு சூடாக நடந்துகொண்டிருந்த காலம். வளர்ச்சி விகிதம் மேலே போனது. ஆனால் மாதிரி ஆய்வில் மக்கள் செலவு அந்த அளவுக்குக் கூடவில்லை. ‘கேள்விதான் பழுது, முப்பது நாளை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்’ என்ற குரல் எழுந்தது. 1994 முதல் 1998 வரை சிறிய சுற்றுகளில் சோதனை நடந்தது. பாதி வீடுகளில் பழைய முப்பது நாள். பாதி வீடுகளில் உணவுக்கு ஏழு நாள், துணிமணி போன்றவற்றுக்கு ஓராண்டு. ஏழு நாள் வீடுகளில் உணவுச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. அதே கோட்டை வைத்து எண்ணினால் ஏழைகளின் எண்ணிக்கை பாதியானது.

ஒரு விநாடி நிற்க வேண்டிய இடம் இது. யாருக்கும் ஒரு பிடி அரிசிகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. எந்தக் கூரையும் மாறவில்லை. கேள்வியில் ஓர் எண் மட்டும் மாறியது. கோடிக்கணக்கானவர்கள் வறுமையிலிருந்து காகிதத்தில் வெளியே வந்தார்கள்.

அடுத்தது 1999-2000இன் பெரிய சுற்று. எதைக் கேட்பது என்று இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால், உணவுக்கு இரண்டையும் கேட்டார்கள். ஒரே வீட்டில், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஏழு நாளும் முப்பது நாளும். அம்மாவிடம் நான் இரண்டு நாள் இடைவெளி விட்டுக் கேட்டேன். ஒரே மூச்சில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாரம் அரைக்கிலோ என்று சொன்ன வாய், மாதம் ஒன்றரை என்று சொல்லக் கூச்சப்பட்டிருக்கும். இரண்டு கிலோ என்று சரிக்கட்டியிருக்கும். அந்தச் சுற்றில் அதுதான் நடந்தது. இரண்டு பதில்களும் ஒன்றை ஒன்று இழுத்து நெருங்கிவிட்டன. 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26.1 ஆகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. கொண்டாடியவர்கள் கொண்டாடினார்கள், நம்பாதவர்கள் நம்பவில்லை. பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாமல் போனதுதான் உண்மையான இழப்பு.

பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் அதில் ஒரு வழி கண்டார். எரிபொருள் போன்ற சில பொருட்களுக்கு மட்டும் கேள்வி மாறாமல் முப்பது நாளாகவே இருந்தது. அந்தப் பொருட்களுக்கு ஒரு வீடு செலவழிப்பதை வைத்து, அது ஏழை வீடா இல்லையா என்று பின்னோக்கி ஊகித்தார். கிராமப்புற வறுமை அறிவித்தபடி 27 அல்ல, 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் என்று அவர் கணக்கில் வந்தது. குறைந்தது உண்மை, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை. அபிஜித் சென் போன்ற பொருளாதார அறிஞர்கள் குறைவு இதைவிடவும் சிறியது என்று வாதிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த இந்த விவாதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பழுதான பதில்கூட வெளியே இருந்தால் அதைத் திருத்த ஆட்கள் வருவார்கள்.

வெளியே வராத பதிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2009-10இல் பெரிய சுற்று நடந்தது; ஆனால் அது மழை பொய்த்த ஆண்டு. அதை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்று 2011-12இல் மறுபடி கேட்டார்கள். அது சரியான முடிவு; இரண்டு ஆண்டுகளின் பதில்களும் மக்கள் கையில் இருந்தன. 2017-18இல் நடந்தது வேறு. கேள்வி வழக்கம்போலப் போனது, பதில் வாங்கியது, திரும்பி வந்தது. அறிக்கை வெளிவரவில்லை. 2019 நவம்பரில் ‘பிசினஸ் ஸ்டாண்டர்ட்’ நாளிதழ் அதைப் பெற்று எழுதியது: விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், தலைக்கு மாதச் செலவு 2011-12இல் 1501 ரூபாய், 2017-18இல் 1446 ரூபாய். 3.7 விழுக்காடு குறைவு. கிராமங்களில் 8.8 விழுக்காடு குறைவு. தரவின் தரம் சரியில்லை, வெளியிடப் போவதில்லை என்று அரசு அறிவித்தது. வெளியிடுங்கள், குறையிருந்தால் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம் என்று இருநூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். வெளியிடப்படவில்லை.

லட்சம் வீடுகளுக்கு மேல் உட்கார்ந்து யோசித்து, விரல் மடக்கிச் சொன்ன பதில்கள் அவை. அந்த வீடுகளில் ஒன்றில் என் அம்மாவைப் போன்ற ஒருவர் அரைமணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டுப் பதில் சொல்லியிருப்பார். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பதில் இல்லாத காலத்தில் ஊகம் வளர்ந்தது. 2019இல் இந்தியாவில் மிகக் கடுமையான வறுமையில் இருந்தவர்கள் எத்தனை விழுக்காடு? 2022இல் பன்னாட்டு நிதியத்தின் ஆய்வுத் தாள் ஒன்று 0.8 என்றது. அதே ஆண்டு உலக வங்கியின் ஆய்வுத் தாள் ஒன்று 10.2 என்றது. முதலாவது, தேசியக் கணக்கின் வளர்ச்சியைப் பழைய செலவுப் பட்டியலின்மேல் ஏற்றிப் பார்த்தது. இரண்டாவது, தனியார் நிறுவனம் ஒன்றின் வீட்டுக் கணக்கெடுப்பைச் சரிசெய்து பயன்படுத்தியது. இரண்டும் நேர்மையான முயற்சிகள்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட மனிதர்கள் நிற்கிறார்கள்.

2022 ஆகஸ்டில் கேள்வி மீண்டும் புறப்பட்டது. இந்தமுறை தாள் இல்லை, டேப்லெட். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுச் சலிப்படைய வைக்காமல், ஒரு வீட்டுக்கு மூன்று முறை போனார்கள்: ஒருமுறை உணவு, ஒருமுறை அன்றாடப் பொருட்களும் சேவைகளும், ஒருமுறை நீடித்து உழைக்கும் பொருட்கள். அரிசி, பருப்பு, சர்க்கரைக்கு முப்பது நாள்; எண்ணெய், முட்டை, மீன், காய்கறிக்கு ஏழு நாள்; துணிமணி, படிப்பு, சாமான்களுக்கு ஓராண்டு. சுமார் 2 லட்சத்து 61 ஆயிரம் வீடுகள். கிராமத்தில் தலைக்கு மாதச் செலவு 3773 ரூபாய், நகரத்தில் 6459. 2011-12இல் 1430, 2630 ஆக இருந்தவை. விலைவாசியைக் கழித்தாலும் ஏற்றம் தெரிகிறது. ஆனால் மூன்று முறை போய்க் கேட்டால் ஒரே முறை கேட்டதைவிட அதிகம் நினைவுக்கு வரும். எந்த வீடுகளைத் தேர்ந்தெடுப்பது என்ற முறையும் மாறியது. ஆகவே ஏற்றத்தில் எவ்வளவு வாழ்க்கை, எவ்வளவு கேள்வி என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மொத்தத்தைவிட உள்ளடக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1857இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியர் ஒன்றைக் கவனித்தார்: ஏழைக் குடும்பம் வருமானத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும், வசதி கூடக்கூட அந்தப் பங்கு குறையும். இந்தியக் கிராமங்களில் 1999-2000இல் நூறு ரூபாய் செலவில் 59 ரூபாய் உணவுக்குப் போனது. 2022-23இல் 46. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு மட்டும் 22 ரூபாயாக இருந்தது 5 ரூபாயாகிவிட்டது. அந்த இடத்தில் பால் வந்திருக்கிறது, முட்டை வந்திருக்கிறது, பழம் வந்திருக்கிறது. பாக்கெட் தின்பண்டமும் குளிர்பானமும் வெளிச்சாப்பாடும்கூட வந்திருக்கின்றன. கிராமத்தில் நூற்றுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் அவற்றுக்குத்தான். தானியப் பங்கு சரிந்ததற்கு இலவச அரிசியும் ஒரு காரணம்: காசு கொடுக்காத அரிசி செலவில் ஏறாது. அதற்குத் தனியாக மதிப்புப் போட்டால் கிராமச் செலவு 3773இலிருந்து 3860 ஆகிறது. எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி இட்லிக்கு. அது இல்லாவிட்டால் கடையில் இட்லி அரிசி வாங்கியாக வேண்டும். அந்த மிச்சம்தான் முட்டையாகவும் பழமாகவும் கணக்கில் வேறொரு வரியில் ஏறுகிறது.

கேள்விக்குள் நுழையாத வீடுகளும் உண்டு. காவலாளி நிற்கும் அடுக்குமாடிக் கதவுகள் ஆய்வாளருக்கு எளிதில் திறப்பதில்லை. மேல்தட்டுச் செலவு பிடிபடாமல் நழுவுவது, தேசியக் கணக்கு சொல்லும் மக்கள் செலவுக்கும் இந்தக் கேள்வி காட்டும் செலவுக்கும் நடுவில் இடைவெளி அகன்றதற்கு ஒரு காரணம். 1970களின் தொடக்கத்தில் அற்பமாக இருந்த அந்த இடைவெளி 2011-12இல் பாதியை நெருங்கியது. இந்தக் கேள்வியை நம்பி ஏற்றத்தாழ்வை அளப்பவர்கள் உண்மையைவிடக் குறைத்தே அளக்கிறார்கள் என்று நான் நினைப்பது இதனால்தான்.

2025 ஜூனில் உலக வங்கி தன் கோட்டை நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. பழைய கோட்டின்படி 2011-12இல் 16.2 விழுக்காடாக இருந்த ஏழைகள் 2022-23இல் 2.3, புதிய கோட்டின்படி 27.1 ஆக இருந்தவர்கள் 5.3. கோடு எதுவானாலும் திசை ஒன்றுதான், கீழ்நோக்கி. அந்தத் திசையை நான் நம்புகிறேன், ஏனென்றால் பால், முட்டை, பழம் என்ற வரிகளும் அதையே சொல்கின்றன. எவ்வளவு தூரம் என்பதில் மட்டும் எனக்கு உறுதியில்லை.

இதையெல்லாம் எழுதி முடிக்கும் தறுவாயில் அம்மா வந்து, “பருப்புக் கணக்கு சரியா வந்துச்சா?” என்று கேட்டார். வாரக் கணக்கும் மாதக் கணக்கும் உதைப்பதைச் சொன்னேன். “ஒண்ணாம் தேதி ரெண்டு கிலோ தனியா எடுத்து வைக்கிறேன். மாசக் கடைசில மிச்சத்தை நிறுத்துப் பாரு” என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்:

“நீ மூணாப்பு படிக்கும்போது சம்பளம் வர்ற அன்னைக்கு முக்காக்கிலோ வாங்குவேன். அது இருபதாம் தேதி வரைக்கும் வரும். அப்புறம் பத்து நாள் புளிக்குழம்பும் ரசமும்தான். இருபத்தஞ்சாம் தேதி யாராவது விருந்தாளி வந்தா உங்கப்பா செட்டியார் கடைக்கு நோட்டைக் கொடுத்து விடுவாரு. இப்ப தேதி பாத்துப் பருப்பு போடுறது இல்ல.”

அந்த நாட்களை அவர் ஒன்றுவிடாமல் நினைவு வைத்திருந்தார். இருபதாம் தேதி என்று சொல்லும்போது ஒரு கணமும் யோசிக்கவில்லை.